பாஞ்சாலங்குறிச்சியை மேசையில் ஆடுவது எப்படி? கேள்வி பதில்

1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் போரை மினியேச்சர் பொம்மைகளை வைத்து ஆட நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். நானும் நெப்போலியன் காலப் போர்களுக்கான ஆட்ட விதிகளை எடுத்து வெட்டி ஒட்டித்தான் ஆடுகிறேன்.

அண்ணே, நெப்போலியன் கால விதிகளை மாற்றாமல் மூன்று தடவை ஆடினோம். மூன்றிலும் கும்பினிக்கே (கிழக்கிந்தியக் கம்பெனிக்கே) வெற்றி. பாளையக்காரர்களின் சண்டைப் புள்ளியைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது தம்பி. கூட்டினால் பாளையக்காரர்கள் வெட்டவெளியில் வரிசை கட்டி நின்று சிப்பாய்களைச் சுட்டுத் தள்ளுவார்கள். அது வேறு ஏதோ போர். பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடுவான், பக்கத்தில் பீரங்கியும் நிற்கும். அதற்கு நேரெதிரே போய் நின்றால் தோற்கத்தான் வேண்டும்.

சண்டை அட்டவணையில் கை வைக்காதீர்கள். யார் கண்ணுக்கு யார் தெரிகிறார்கள் என்பதை மாற்றுங்கள். நான் ஆடும்போது தொடக்கத்தில் பாளையக்காரர் பொம்மை ஒன்றுகூட மேசையில் இருக்காது. பத்துச் சீட்டுகளைக் கவிழ்த்து வைப்பேன். நான்கின் பின்னால் படை, ஆறு வெறும் சீட்டு. எல்லாமே காட்டுக்குள் நகரும். கும்பினிப் படைப்பிரிவு 6 அங்குலத்துக்குள் வந்தால் புரட்டிக் காட்ட வேண்டும். பாளையக்காரர் பக்கம் ஆடுபவர் தானே சுட நினைத்தாலும் புரட்ட வேண்டும்.

போன ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்த நண்பர், வலப்பக்கம் ஊர்ந்து வந்த ஒரு சீட்டைப் பார்த்துப் பதறி, நெடுவரிசையை நிறுத்தி, பீரங்கியைத் திருப்பி, இரண்டு சுற்றைத் தொலைத்தார். புரட்டினால் வெறும் சீட்டு. அதற்குள் இடப்பக்கத்துப் புதரிலிருந்து ஈட்டிக்காரர்கள் அவருடைய மாட்டுவண்டிகளுக்குள் புகுந்துவிட்டார்கள். சண்டைப் புள்ளி எதையும் நான் கூட்டவில்லை.

எந்த ஸ்கேல் நல்லது?

28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகள். ஒரு பொம்மை பத்துப் பேர், ஓர் அங்குலம் பத்து கஜம். துப்பாக்கி எட்டும் தூரம் 10 அங்குலம். அதற்கு மேல் சுடுவது சத்தத்துக்கு மட்டும்தான் உதவும்.

கோட்டையை எப்படிச் செய்வது? எங்களிடம் ஐரோப்பியக் கல்கோட்டை மாடல் இருக்கிறது.

அதை எடுத்து உள்ளே வையுங்கள். பாஞ்சாலங்குறிச்சியில் இருந்தது மண்கோட்டை. சண்டையில் நேரடியாக இருந்த வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி எழுதி வைத்த அளவு சுமார் 500 அடிக்கு 300 அடி, சுவர் உயரம் ஏறக்குறைய 12 அடி, சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. நம் கணக்கில் மேசையில் 17 அங்குலத்துக்கு 10 அங்குலம். சுவரை மட்டும் பொம்மையின் உயரத்தோடு ஒப்பிட்டு ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே எழுப்புங்கள். தரை அளவில் போட்டால் பொம்மை தாண்டிவிடும்.

விதியில் இரண்டு மாற்றம் வேண்டும். பீரங்கிக் குண்டு பட்டால் கல் உடைந்து சரியும், பிசுபிசுப்பான மண் அதை விழுங்கிக்கொள்ளும். எனவே சுவர் இடிய ஆகும் அடிகளை இரட்டிப்பாக்குங்கள். அடுத்து, சுவர் இடிந்த இடைவெளியில் ஒரே சமயத்தில் மூன்று பொம்மைகளுக்கு மேல் நுழைய முடியாது. அங்கே நீண்ட ஈட்டிக்காரன் முதலில் குத்துவான், அவன் பின்னால் நிற்பவனுக்கும் ஒரு பகடை உண்டு. 1801 மார்ச் 31-ல் கும்பினி அதிகாரி மெக்காலேயின் ஆட்கள் இடிபாட்டில் ஏறியும் உள்ளே போக முடியாமல் திரும்பியது இந்த ஈட்டிகளால்தான். இன்னொரு கும்பினி அதிகாரியான அக்னியூ கூடுதல் படையோடு வந்த பிறகு, மே 24-ம் தேதிதான் கோட்டை விழுந்தது. இரண்டு தாக்குதலையும் இரண்டு ஆட்டமாக ஆடுங்கள். முதல் ஆட்டத்தில் கும்பினி ஜெயித்தால் உங்கள் விதியில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

வளரிக்கு (கையால் எறியும் வளைந்த ஆயுதம்) என்ன தூரம் கொடுக்கலாம்?

தேர்ந்த கையில் வளரி நூறு கஜம் வரை குறி தப்பாது என்கிறார் வெல்ஷ். அவருக்கு எறியக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான், நம்பலாம். ஆனால் படையில் எல்லோரும் சின்ன மருது இல்லையே. நான் 4 அங்குலம் கொடுக்கிறேன். மோதலுக்கு முன் ஒரே ஒரு எறி, அவ்வளவுதான். தலைவர் பொம்மைக்கு மட்டும் 10 அங்குலம்.

மேசைக்குச் சீமைக்கருவேல மரங்கள் செய்து வைத்திருக்கிறேன், சரிதானே?

பாதி ஊர் இந்தத் தப்பைச் செய்கிறது. அந்த மரம் இந்த மண்ணுக்கு வந்ததே அதற்கெல்லாம் ரொம்பக் காலம் கழித்து. பனை, உடைமரம், நாட்டுக் கருவேலம் வையுங்கள். செய்ததை வீணாக்க வேண்டாம், உயரத்தைக் குறைத்து இலையை மாற்றினால் உடைமரம் ஆகிவிடும்.

காளையார்கோவில் காட்டை ஆடலாமா? அங்கே பெரிய சண்டையே இல்லையே?

என்னைக் கேட்டால் இந்தப் போரிலேயே சிறந்த ஆட்டம் அதுதான். அக்னியூவின் படை சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே காளையார்கோவிலை நோக்கிப் போனது. ஆகஸ்ட் முழுக்க வெட்டியும் முடியாமல் கைவிட்டது. மேசை முழுக்கக் காடு. கும்பினி ஒரு சுற்றுக்கு 2 அங்குலம் பாதை வெட்டலாம். வெட்டும் ஆட்கள் அந்தச் சுற்றில் சுட முடியாது. பதினைந்து சுற்றுக்குள் மறுமுனை எட்டாவிட்டால் மருதுபாண்டியர்களுக்கு வெற்றி. ஆள் கணக்கே பார்க்க வேண்டாம்.

எங்கள் குழுவில் கும்பினிப் பக்கம் ஆட ஒருவரும் வருவதில்லை அண்ணா.

எங்கள் குழுவிலும் இதே சண்டைதான். ஒரே காட்சியைப் பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடுங்கள், கும்பினியாக ஆடி யார் குறைந்த சுற்றில் முடித்தார் என்று பாருங்கள். இன்னொன்று, கும்பினிப் பக்கம் என்றால் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் இல்லை. சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் நம் ஆட்கள், எட்டயபுரத்துப் படையும் அந்தப் பக்கம்தான் நின்றது. எட்டயபுரத்தை மூன்றாவது ஆட்டக்காரர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவருக்குத் தனி வெற்றி நிபந்தனை: கோட்டை விழ வேண்டும், ஆனால் தன் ஆட்களில் கால்வாசிக்கு மேல் சாகக் கூடாது. அவர் முன்னால் போகவே மாட்டார், மெக்காலேயாக ஆடுபவர் கத்திக்கொண்டே இருப்பார்.