முதலில் சீப்பு, பிறகுதான் தண்ணீர்

கேள்வி: எங்கள் பூடில் நாய்க்கு எட்டு மாதம். கொழும்பிலிருந்து தம்பி கொண்டுவந்து தந்தது. கிழமைக்கு இரண்டு தரம் குளிப்பாட்டுகிறோம், தினமும் பிரஷ் பண்ணுகிறோம். ஆனாலும் காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் முடி திரண்டு கட்டியாகிறது. முடி வெட்ட வருபவர் மயக்க ஊசி போட்டுத்தான் வெட்டலாம் என்கிறார். வீட்டிலேயே செய்ய முடியாதா? – கல்லடி வாசகி

பதில்: முடியும். ஊசிக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் குளிப்பாட்டை நிறுத்துங்கள்.

மற்ற நாய்களின் முடி உதிர்ந்து பாயிலும் கதிரையிலும் ஒட்டும். பூடிலின் முடி நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்வதும் கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதிலும் எட்டு மாதம் தொடங்கி ஒரு வயது தாண்டும்வரை குட்டிமுடி போய்ப் பெரிய முடி வரும் காலம். நேற்று வாரிய இடம் இன்று சடையாக நின்றால் அது உங்கள் பிழையல்ல. ஆனால் சடையோடு தண்ணீர் வார்த்தால், காயும்போது அது இறுகிக் கம்பளியாகிவிடும். அது உங்கள் பிழை.

தினமும் பிரஷ் பண்ணிய நாய் என்று என்னிடம் கொண்டுவருவார்கள். முதுகு பஞ்சுபோல இருக்கும். விரலை உள்ளே விட்டால் தோலுக்கு மேல் இன்னொரு தோல்! மேலே தடவினால் போதாது. காலிலிருந்து தொடங்குங்கள். இடக்கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, வகிடு எடுத்ததுபோலத் தோல் ஒரு கோடாகத் தெரியவேண்டும். மெல்லிய கம்பி முள் பிரஷால் அந்தக் கோட்டிலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக வாரி, அடுத்த கோட்டுக்குப் போங்கள். கடைசியில் இரும்புச் சீப்பு. அது அடியிலிருந்து நுனிவரை தடக்காமல் வந்தால்தான் வாரிய கணக்கு. வாரும்போதே விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உண்ணிக் காய்ச்சலில் நாய் செத்தும் போகும்.

கட்டியில் கொஞ்சம் கோர்ன் ஃபிளவர் தூவி விரலால் பிரியுங்கள். கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். சடை தோலையும் சேர்த்து மேலே இழுத்து வைத்திருக்கும், முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கும். ஞாயிறு பின்னேரம் துவாயில் சுற்றி வரும் பூடில்களுக்கு அநேகமாகக் கமக்கட்டில்தான் தையல் போடுகிறேன்.

வாரிய பிறகே குளிப்பு, அதுவும் மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தரம் போதும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. கடற்கரைக்குப் போன நாய் அழுகிய மீனில் புரண்டு வந்தால் வாரிக்கொண்டு நிற்க உங்களால் முடியாது, எனக்குத் தெரியும். அப்போது உடனே கழுவுங்கள், ஆனால் தேய்க்காதீர்கள். ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, முடி போகும் போக்கில் கையால் வழியுங்கள். துவாயாலும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு குறைந்த சூட்டில் டிரையர் பிடித்துக்கொண்டே வாருங்கள். மீன் என்றால் மட்டும். வாவிச் சேறு என்றால் காயவிடுங்கள், பாதி தானாக உதிரும், மீதியை வாரிவிட்டுக் குளிப்பாட்டலாம். மாரி மழையில் நனைந்து வந்தாலும் இதே டிரையர்தான். ஈரத்தோடு விட்டால் தோலில் புண் வரும்.

சரி, ஊசி. தோலோடு ஒட்டிய சடையை எடுக்க மயக்கம் தேவைப்படுவது உண்டு. அதை மிருக வைத்தியர், நாயின் நிறை பார்த்து, நெஞ்சைச் சோதித்துத்தான் போடவேண்டும். மோட்டார் சைக்கிள் பெட்டியில் மருந்துக் குப்பியோடு திரிபவர் போடக்கூடாது. மயங்கிய நாயால் தன் உடல் சூட்டைச் சரிக்கட்ட முடியாது. கச்சான் காற்று வீசும் நாட்களில் கேட்கவே வேண்டாம். இப்படித் திரிபவர்கள் பெருகியதற்கு மிருக வைத்தியர்களான நாங்களும் காரணம். அரசாங்கக் கால்நடை அலுவலகங்களுக்கு மாடும் ஆடும் கோழியும் பார்க்கவே ஆள் போதாது, நாய் என்றால் விசர்நாய்த் தடுப்பூசியோடு சரி. எத்தனை தரம் எழுதிக் கேட்டாலும் 'பார்ப்போம்' என்பதுதான் பதில்.

அடுத்த தரம் முடி வெட்டுபவர் வந்தால், நாய் எத்தனை கிலோ என்று கேளுங்கள். நிறுக்காமலே சொல்வார்.