அறுவடைக்குப் பிறகு மீதிப் பணம்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க விளம்பரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மெக்கார்மிக்கின் கதிர் அறுக்கும் இயந்திர விளம்பரங்களைப் பாராட்டியிருந்தீர்கள், அதே காலத்து மருந்து விளம்பரங்களைக் கொள்ளை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. இரண்டிலும் அதே பதக்கம், அதே உத்தரவாதம், வாங்கியவர்கள் எழுதிய அதே நன்றிக் கடிதங்கள். ஒன்று மட்டும் எப்படி நல்லதாகும்?

இதைக் கேட்க ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. என் அம்மாவுக்கு சர்க்கரை. போனில் வரும் விளம்பரத்தைப் பார்த்து ஒரு பொடி வாங்கிச் சாப்பிடுகிறார். குணமானவர்கள் பேசும் வீடியோக்களை எனக்கும் காட்டுகிறார். "இத்தனை பேர் பொய்யா சொல்லுவாங்க?" என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

ராஜேஸ்வரி

அன்புள்ள ராஜேஸ்வரி,

அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இத்தனை பேர் பொய் சொல்வார்களா? மாட்டார்கள். அந்தக் கால மருந்து விளம்பரங்களில் காசு கொடுத்து வாங்கிய கடிதங்களும் உண்டு, ஆனால் நிறையப் பேர் மனதார நம்பித்தான் எழுதினார்கள் என்று நினைக்கிறேன். என் பயமும் அதில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் வயலுக்குப் போக வேண்டும்.

சைரஸ் மெக்கார்மிக் 1831ல் வர்ஜீனியாவில் தன் இயந்திரத்தை வயலில் ஓட்டிக் காட்டினார், 1834ல் காப்புரிமை வாங்கினார். போட்டியாளர் ஓபெட் ஹஸ்ஸி அதற்கு முந்தைய வருடமே தன்னுடையதற்கு வாங்கிவிட்டார். முதலில் கண்டுபிடித்தது யார் என்ற சண்டை பல ஆண்டுகள் ஓடியது. அந்த விஷயத்தில் மெக்கார்மிக் விளம்பரங்கள் நேர்மையானவை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பத்தின் அடிமையாக இருந்த ஜோ ஆண்டர்சன் அதை உருவாக்கக் கூடவே உழைத்தவர், பெருமையெல்லாம் சைரஸுக்குப் போனது. என் கட்டுரையில் இதை எழுதாமல் விட்டது தப்பு.

ஆனால் அவர் விற்ற முறையைப் பாருங்கள். விலை சுமார் 120 டாலர், அச்சிட்ட விலை, ஆளுக்கு ஆள் மாறாது. 30 டாலர் முன்பணம் கொடுத்தால் போதும், மீதி அறுவடை முடிந்த பிறகு. மணிக்கு ஒன்றரை ஏக்கர் அறுக்கும், அறுக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுத்திலேயே உத்தரவாதம். கோதுமை பழுத்துவிட்டால் சில நாட்களுக்குள் அறுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மணி உதிர்ந்துவிடும். இயந்திரம் அந்த வாரத்தில் ஓடியதா, நின்றதா என்பது விவசாயிக்கு மட்டுமில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பக்கத்து வயல்காரருக்கும் தெரியும்.

1851ல் லண்டன் கண்காட்சிக்கு அது போனபோது டைம்ஸ் பத்திரிகை அதைச் சர்க்கஸ் ரதமும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியும் பறக்கும் இயந்திரமும் கலந்த ஏதோ ஒன்று என்று கேலி செய்தது. அப்புறம் எசெக்ஸில் மெக்கி என்பவரின் பண்ணையில் சோதனை வைத்தார்கள். நல்ல மழை, கதிர் இன்னும் பச்சை, வைக்கோல் ஊறிப்போயிருந்தது. ஹஸ்ஸியின் இயந்திரம் அடைத்துக்கொண்டது, மெக்கார்மிக்கினுடையது அறுத்துக்கொண்டு போனது. கேலி செய்த பத்திரிகையே பாராட்டி எழுதும்படி ஆயிற்று. ஆனால் அதே ஆண்டு இங்கிலாந்தின் வடக்கே நடந்த இன்னொரு போட்டியில் ஹஸ்ஸி ஜெயித்தார். எனக்கு முக்கியம் இந்த இரண்டாவது செய்திதான். விளம்பரத்தில் யார் எவ்வளவு பெரிதாக எழுதிக்கொண்டாலும் வயல் அவர்களைத் தோற்கடிக்க முடிந்தது.

இப்போது மருந்துக்கு வருகிறேன். அந்தக் கால விளம்பர மருந்துகளுக்குப் பேட்டண்ட் மருந்து, அதாவது காப்புரிமை மருந்து, என்று பெயரே தவிர, பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. காப்புரிமை வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டுமே. பெயரையும் லேபிளையும் மட்டும் பதிவு செய்துகொண்டு சேர்மானத்தை ரகசியமாக வைத்தார்கள்.

லிடியா பிங்கம் மாசசூசெட்ஸில் லின் என்ற ஊர்க்காரர். 1873 நிதி நெருக்கடியில் கணவர் நொடித்துப் போக, அதுவரை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அடுப்பில் காய்ச்சிக் கொடுத்துவந்த மூலிகைக் கஷாயத்தை 1875ல் குடும்பமே விற்க ஆரம்பித்தது. 1879ல் அவர் முகத்தையே விளம்பரத்தில் போட்டார்கள். சாந்தமான பாட்டி முகம். உங்கள் கஷ்டத்தைத் திருமதி பிங்கமுக்கு எழுதுங்கள், பெண்கள்தான் படிப்பார்கள், பெண்கள்தான் பதில் போடுவார்கள் என்றது விளம்பரம். பெண்கள் எழுதினார்கள், குவியல் குவியலாக. ஆண் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத கருப்பைத் தொல்லைகளை எல்லாம் எழுதினார்கள். அந்தக் கால டாக்டர்களும் பாதரசம் கலந்த மருந்துகளைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான், அதனால் அந்தப் பெண்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் லிடியா 1883லேயே இறந்துவிட்டார். கடிதம் எழுதுங்கள் என்ற விளம்பரம் அதற்குப் பின்னும் வந்துகொண்டே இருந்தது. 1905ல் ஒரு பெண்கள் பத்திரிகை அவர் கல்லறையைப் படமெடுத்துப் போட்ட பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

அந்தக் கஷாயத்தில் சுமார் 18 சதவீதம் ஆல்கஹால். குடித்தால் உடம்பு இளகும், வலி கொஞ்சம் மறக்கும், தூக்கம் வரும். அப்படிச் சுகம் கண்டு 'எனக்குக் கேட்டது' என்று எழுதிய பெண் பொய் சொல்லவில்லை.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. திருமதி வின்ஸ்லோவின் சிரப், மெய்ன் மாநிலத்தில் 1849 வாக்கில் தொடங்கியது. பல் முளைக்கும் குழந்தைகளின் அழுகையை நிறுத்த என்று விற்றார்கள். கொடுத்தால் குழந்தை நிஜமாகவே தூங்கும். உள்ளே இருந்தது ஓபியத்திலிருந்து, அதாவது அபினிலிருந்து, எடுக்கும் மார்ஃபின். 'என் பிள்ளை இரவெல்லாம் நிம்மதியாகத் தூங்கினான்' என்று ஒரு தாய் சொன்னால் அதில் ஒரு சொல் பொய்யில்லை, அவள் தன் கண்ணால் பார்த்தது அது. தூங்கி எழாமலே போன குழந்தைகளின் தாய்மார்களிடம் யார் சான்றுக் கடிதம் வாங்கப் போகிறார்கள்?

நான் சொல்ல வந்தது இதுதான், ராஜேஸ்வரி. விளம்பரத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் சரிபார்ப்பதில் இருக்கிறது. நின்றுபோன இயந்திரம் ஓடியதாக யாருக்கும் தோன்றாது. உடம்பு அப்படியில்லை. பாதி நோய் தானாகவே ஆறும், சிலது கொஞ்ச நாள் அடங்கி மறுபடி வரும், மதுவும் மார்ஃபினும் சுகத்தை நடித்துக் காட்டும். தனக்கு என்ன ஆனது என்று அனுபவித்தவருக்கே தெரியாதபோது ஆயிரம் பேர் சாட்சி சொன்னாலும் அது ஒரே தவறை ஆயிரம் முறை சொன்னதாகத்தான் ஆகும்.

பத்திரிகைகளாவது கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். மருந்து விளம்பரம் அவற்றுக்குச் சோறு போட்டது. மருந்துக்கு எதிராகப் பத்திரிகை வெளியாகும் மாநிலத்தில் சட்டம் வந்தால் விளம்பர ஒப்பந்தம் ரத்து என்று ஒரு நிபந்தனையைச் சிவப்பு மையில் அச்சிட்டே மருந்து வியாபாரிகள் கையெழுத்து வாங்கினார்கள். 1905ல் காலியர்ஸ் வார இதழ் இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது, அடுத்த வருடமே சட்டம் வந்தது, ஆல்கஹால், ஓபியம், மார்ஃபின் எல்லாம் லேபிளில் தெரிய வேண்டும் என்றார்கள். ஆனால் 1911ல், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விற்ற ஒருவரின் வழக்கில், சேர்மானத்தைப் பற்றிப் பொய் சொன்னால்தான் குற்றம், குணமாகும் என்று சொல்வது இந்தச் சட்டத்துக்குள் வராது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. 1912ல் சட்டத்தைத் திருத்தினார்கள், அப்போதும் ஏமாற்றும் எண்ணத்தோடு சொன்னார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. நான் நம்பித்தான் விற்றேன் என்று சொல்லித் தப்பிக்க அது போதும்.

நம் நாட்டில் 1954லேயே இதற்குச் சட்டம் இருக்கிறது. இந்த மருந்து இன்ன நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் அதில் உண்டு, நீரிழிவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்த விளம்பரத்தைப் புகார் செய்ய உங்களுக்கு வழி இருக்கிறது, செய்யுங்கள்.

அம்மாவிடம் சட்டம் பேச வேண்டாம், அந்த வீடியோவில் பேசுகிறவர்களைப் பொய்யர்கள் என்றும் சொல்ல வேண்டாம். அவர் கண்ணால் பார்த்ததை நீங்கள் மறுப்பதாக ஆகிவிடும். சர்க்கரைக்கு ஒரு வயல் இருக்கிறது, மூன்று மாதச் சராசரி சொல்லும் ரத்தப் பரிசோதனை. பொடி தொடங்குவதற்கு முந்தைய அறிக்கையை எடுத்து வையுங்கள், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று இன்றைக்கே கேளுங்கள், நிறுத்தியிருந்தால் அம்மாவை உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அப்புறம் அந்த விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்கு அம்மாவையே பேச வையுங்கள். கால் பங்கு இப்போது தருகிறேன், மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் குறைந்திருந்தால் மீதியைத் தருகிறேன், சம்மதமா என்று அவரே கேட்கட்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.