ஒரு சுற்றுக்கு எத்தனை வோல்ட்?

ரங்கூனில் காயில் (கம்பிச் சுருள்) சுற்றியே தலை நரைத்தவன் நான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், வோல்ட்டை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்பார்மரைப் பற்றிக் கேட்டவற்றுக்குப் பட்டறைக் கணக்கில் பதில் சொல்கிறேன்.

சயா (பர்மியில் வாத்தியார்), டிரான்ஸ்பார்மரின் இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. கரண்ட் எப்படித் தாவுகிறது? (பெகு மாணவி)

தாவுவதில்லையம்மா. முதல் சுருளில் ஏசி (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) ஓடும்போது, இரண்டு சுருளும் சுற்றப்பட்ட இரும்புக்குள் காந்தப்புலம் வினாடிக்கு 50 தடவை புரண்டு புரண்டு வரும். மாறுகிற காந்தப்புலம் தன்னைச் சுற்றியிருக்கும் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும். 1831இல் விஞ்ஞானி பாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றிக் கண்டுபிடித்தது இதைத்தான்.

ஒரே இரும்பின்மேல் எந்தச் சுருளானாலும் சுற்றுக்கு இத்தனை வோல்ட் என்பது ஒன்றுதான். கோர், அதாவது சுருளுக்குள் இருக்கும் இரும்பு, 3 செ.மீ.க்கு 3 செ.மீ. என்றால், ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 5 சுற்று. அப்போது 230 வோல்ட்டுக்கு 1150 சுற்று, 12 வோல்ட்டுக்கு 60. பாடத்தில் வரும் விகிதச் சூத்திரம் இவ்வளவுதான். நான் 60க்குப் பதில் 63 சுற்றுவேன். லோடு ஏறினால் கம்பியே கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும். பரீட்சையில் 60 என்றே எழுது.

பேட்டரியைக் கொடுத்தால் வேலை செய்யாதா? (மோல்மேன் மாணவன்)

தொழில் பழகிய நாளில், முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, கார் பேட்டரியை 12 வோல்ட் சுருளில் மாட்டினேன். மறுபக்கம் 230 வரும் என்று காத்திருந்தால் புகைதான் வந்தது. பேட்டரி தருவது டிசி, ஒரே திசையில் ஓடும் கரண்ட். அதில் காந்தப்புலம் மாறாமல் நின்றுவிடும். எதிர்த்துத் தள்ளும் தூண்டு மின்னழுத்தம் இல்லை. கம்பியின் சொற்ப மின்தடையை மட்டும் தாண்டிக் கரண்ட் கொட்டும். பதறிப்போய் வயரைப் பிடுங்கியபோது காந்தப்புலம் சட்டென்று சரிந்து, மறுபக்கக் கம்பியில் பட்டிருந்த கையில் ஒரு ஷாக் அடித்தது. பாரடே சொன்னதை அப்படித்தான் படித்தேன்.

ஏன் உறுமுகிறது? (பலர்)

காந்தமேறும்போது இரும்பின் நீளம் துளி மாறும். ஒரு சைக்கிளுக்கு இரண்டு தடவை, ஆக வினாடிக்கு 100 தடவை. அந்தச் சத்தம்தான்.

லோபித்தா நீர்மின் நிலையத்திலிருந்து ரங்கூனுக்கு எதற்கு 230 கிலோவோல்ட்? வீட்டுக்கு 230 வோல்ட் போதுமே?

1960இல் அந்த நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து இங்கே வர நெடுந்தூரம். அதே சக்தியை அனுப்ப, வோல்ட்டைப் பத்து மடங்காக்கினால் கரண்ட் பத்தில் ஒரு பங்காகும். கம்பியில் சூடாக வீணாவது நூறில் ஒரு பங்காகிவிடும். இங்கே வந்தபின் படிப்படியாக இறக்கிக்கொள்கிறார்கள்.

சாயங்காலம் லைனில் 160 வோல்ட்தான். அப்பா ரெகுலேட்டரைத் திருகி 220 ஆக்குகிறார். இது சும்மா கிடைப்பதா? வோல்ட் ஏறினால் கரண்டும் ஏறணுமே, ஓம் விதி பொய்யா? (இன்செயின் மாணவன்)

நல்ல கேள்வி தம்பி. ரெகுலேட்டரும், குமிழைத் திருகிச் சுற்றை மாற்றும் டிரான்ஸ்பார்மர்தான். ஓம் விதி ரெகுலேட்டருக்கு அப்புறம் மாட்டிய பல்புக்குச் சரியாகவே பொருந்தும். அதை எடுத்து ஒரு சுருளுக்கும் இன்னொரு சுருளுக்கும் நடுவில் வைக்காதே. அங்கே சக்திக் கணக்கு. 220 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுத்தால் 440 வாட். அதே 440 வாட்டை 160 வோல்ட் லைனிலிருந்து இழுக்க 2.75 ஆம்பியர் வேண்டும். நஷ்டம் தனி. தெருவே திருகினால் லைனில் கரண்ட் கூடி வோல்ட் இன்னும் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி ஒரு படி திருகுவார்!

அப்பாவிடம் ஒன்று சொல். படுக்கப்போகும் முன் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பட்டும். ஊர் தூங்கியதும் லைன் 230க்கு வந்துவிட்டால், அதே திருகலில் ஃபிரிட்ஜுக்குப் போவது 316 வோல்ட்.