வண்டி நின்ற பிறகு

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு வயது 56. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக லாரி ஓட்டுகிறேன். இப்போது ஓட்டுவது வீட்டு உபயோகப் பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி. ஒரே நாளில் பல இடங்களில் நிறுத்தி, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி என்று நானும் உதவியாளரும் இறக்கி, மாடிப்படி ஏற்றிக் கொடுக்க வேண்டும். வலது முழங்காலில் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காலையில் எழுந்தால் இடுப்பு நிமிர மறுக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் எல்லாம் மறந்துபோகிறது. வேறு தொழிலுக்குப் போக மனமில்லை. உடம்பை இவ்வளவு வருத்தாத ஓட்டுநர் வேலை என்று ஒன்று உண்டா? நெடுந்தூர வண்டிக்குப் போனால் சுகம் என்கிறார்கள் நண்பர்கள். சேமிப்பைப் போட்டுச் சொந்த லாரி வாங்கிவிடுங்கள் என்கிறான் மகன். வேலையை மாற்றினால், 'இனி இவரால் ஆகாது' என்று பேசுவார்களே என்ற கூச்சமும் இருக்கிறது. போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்ததாக நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஓட்டுவதால் வலிக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. வலிப்பதெல்லாம் வண்டி நின்ற பிறகுதான். ஆகவே அடுத்த வேலையைத் தேடும்போது எந்த வண்டி, எவ்வளவு தூரம், என்ன சம்பளம் என்று தொடங்காதீர்கள். சரக்கு வண்டிக்குள் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது, அதில் ஓட்டுநரின் கை எந்த இடத்தில் படுகிறது என்று கேளுங்கள். பாதி வேலைகள் அங்கேயே கழிந்துவிடும்.

போக்குவரத்து அலுவலகத்தில் நான் வண்டி ஓட்டவில்லை, கணக்கு எழுதினேன். காயமடைந்தவர்களின் விடுப்புத் தாள்கள் என் மேஜை வழியாகத்தான் போயின. சாலை விபத்து என்று எழுதியிருந்தவை குறைவு. பின்கதவிலிருந்து குதித்தபோது, தார்ப்பாய் இழுத்தபோது, கேபின் படியில் வழுக்கியபோது என்பவைதான் திரும்பத் திரும்ப வந்தன. அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்களின் தாள்களில் தோள்பட்டையும் முழங்காலும் தவறாமல் இருக்கும்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்போம். முதலில் நெடுந்தூரம். நண்பர்கள் சொல்வது பாதிதான் உண்மை. ஒரே லோடு, ஒரே இறக்கம் என்பதால் சுமை குறைகிறது. ஆனால் திறந்த தட்டு டிரெய்லர் என்றால் ஒவ்வொரு லோடுக்கும் தார்ப்பாய் போர்த்திப் பட்டை இறுக்க வேண்டும். பெரிய தார்ப்பாய் ஒன்று 50 கிலோவைத் தாண்டும். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு லோடின் மேல் ஏறுவது 56 வயது முழங்காலுக்கான வேலை இல்லை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மூடிய டிரெய்லரை ஒரு கிடங்கிலிருந்து மற்றொரு கிடங்குக்கு இழுத்துப்போய் விட்டுவிட்டு, வேறொன்றை மாட்டிக்கொண்டு திரும்பும் வேலைதான் உங்களுக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. சரக்கை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்க மாட்டீர்கள். பெரிய நிறுவனங்களின் கிளைகளுக்கு இடையே ஓடும் இரவு வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். குறை இரவு விழிப்புதான்; பகலில் நன்றாகத் தூங்க முடிகிறவருக்கு அதுவும் பெரிய குறையில்லை.

ஆனால் டிரெய்லரை மாட்டுவதிலும் கழற்றுவதிலும் தோள் போய்விடக்கூடும். இங்கே சற்று நின்று சொல்கிறேன். கழற்றும்போது, வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கியின் கைப்பிடி வர மறுத்தால் பலர் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுப்பார்கள். தோள்பட்டைத் தசை கிழிவது அந்த நொடியில்தான். டிரெய்லரின் இழுவிசை கொக்கியின் தாடையில் இறுகிக் கிடப்பதால்தான் அது வருவதில்லை. மறுபடி கேபினில் ஏறி, வண்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, பிரேக்கைப் பிடித்துவிட்டு இறங்கி இழுங்கள். பெரும்பாலும் ஒரு கையிலேயே வந்துவிடும். கழற்றிய டிரெய்லரைத் தாங்கி நிற்கும் ஊன்றுகாலை இறக்கும் சுழல்கைப்பிடியிலும் பெரும்பாலும் இரண்டு கியர் இருக்கும். கைப்பிடியை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ மாற்ற வேண்டும். கால் தரையைத் தொடும்வரை வேகக் கியர், தொட்ட பிறகு மெதுவான கியர். மெதுவான கியரில் சுற்று அதிகம், விசை குறைவு. அவசரத்தில் வேகக் கியரிலேயே கனத்தைத் தூக்கப் பார்த்து முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனையோ பேர்.

கன்டெய்னர் வண்டியும் நல்லது. பெட்டியைக் கிரேன் தூக்கி வைக்கும், கிரேன் தூக்கி எடுக்கும். மூலைப் பூட்டுகளைத் திருகிப் பூட்டுவதும் திறப்பதும்தான் உங்கள் வேலை. துறைமுக வாசலில் காத்திருக்கும் நேரம்தான் எரிச்சல். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்துக்கு இவ்வளவு என்று பேசும் இடங்களில் காத்திருப்பு உங்கள் கணக்கில்தான் விழும்.

டேங்கர் ஓட்டுவது சுலபம் என்று ஒரு பேச்சு உண்டு. குழாயை மாட்டினால் தானாக இறங்கிவிடும் அல்லவா? அந்தக் குழாயை இழுத்துப் போட்டு, வேலை முடிந்ததும் உள்ளே மிச்சமிருப்பதை வடித்துச் சுருட்டி வைப்பது யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பால் போன்ற உணவுப் பொருள் டேங்கரில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. உட்புறத்தைக் கழுவ வசதியாக அவற்றில் அலையை அடக்கும் தடுப்புத் தகடு பெரும்பாலும் வைப்பதில்லை. பாதி நிறைந்த டேங்கரில் பிரேக் போட்டால் உள்ளே இருப்பது முழுவதும் அலையாக முன்னால் வந்து வண்டியைத் தள்ளும். பழகியவருக்குப் பயமில்லை. ஆனால் அந்தத் தள்ளல் நாள் முழுவதும் இடுப்பில்தான் இறங்குகிறது.

டிப்பர் வண்டியில் ஹைட்ராலிக்கே எல்லாவற்றையும் கொட்டிவிடும், ஆனால் கட்டுமானத் தளத்துப் பள்ளம் மேடுகள் உங்கள் முதுகெலும்பைக் கொட்டிவிடும். கான்கிரீட் கலவை வண்டியில் கலவை வழிந்து இறங்கும் சரிவுத் தகடுகளை மாட்டிக் கழற்ற வேண்டும், கழுவ வேண்டும். இரண்டும் உங்களுக்கு வேண்டாம். கிடங்கு வளாகத்துக்குள்ளேயே டிரெய்லர்களை இடம் மாற்றும் சிறிய வண்டி ஒன்று உண்டு. அதில் கொக்கியே ஹைட்ராலிக்கில் உயர்ந்து டிரெய்லரைத் தூக்கிக்கொள்வதால் ஊன்றுகாலைச் சுழற்றத் தேவையில்லை. தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் ஒரு நாளில் கணக்கில்லாமல் ஏறி இறங்க வேண்டியிருக்கும். முழங்கால்தான் உங்கள் முதல் பிரச்சினை என்பதால் அங்கே ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓட்டும்போது வலி மறந்துபோகிறது என்கிறீர்கள். நம்பிவிடாதீர்கள். உட்கார்ந்திருக்கும் மனித உடல் நொடிக்கு 4 முதல் 6 தடவை வரும் மேல்கீழ் அதிர்வுக்கு அதிகமாக ஆடிக்கொடுக்கும். கனரக வண்டியின் குலுக்கலில் அந்த வேகமும் சேர்ந்தே இருக்கிறது. இந்த அதிர்வை வேலையிடத் தீங்காகவே கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் அதற்கு வரம்பு வகுத்தது. ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் இருக்கையைப் பாருங்கள். குலுக்கலை வாங்கிக்கொள்ளும் காற்றுத் தாங்கி உள்ள இருக்கையா? அதை உங்கள் எடைக்குத் தகுந்தபடி சரிசெய்ய முடிகிறதா? பலர் முந்தைய ஓட்டுநர் வைத்த அளவிலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்து கியர். தானியங்கி கியர் உள்ள வண்டி என்றால் கிளட்ச் மிதிக்கும் இடது காலுக்கு விடுதலை. உங்களுக்கு வலிப்பது வலது கால் என்பதால் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் மிதித்துப் பார்த்து அதன் விறைப்பை உணர்ந்துகொள்ளுங்கள்.

ஏறி இறங்குவதற்கு ஒரே விதிதான்: இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் வண்டியைத் தொட்டிருக்க வேண்டும், முகம் வண்டியைப் பார்த்திருக்க வேண்டும். குதிப்பது கூடவே கூடாது. நீண்ட நேரம் உட்கார்ந்து எழுந்தவுடன் எதையும் தூக்காதீர்கள். சில நிமிடங்கள் நடந்துவிட்டுத் தூக்குங்கள். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு என்பது ஐரோப்பிய விதி. அந்த 45 நிமிடத்தையும் கேபினிலேயே சாய்ந்து கழித்தால் களைப்புத் தீரலாம், இடுப்பு தேறாது.

உடல்தகுதிச் சான்று பற்றி நீங்கள் எழுதவில்லை. அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் கனரக ஓட்டுநருக்கு 45 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்று கேட்கிறார்கள். 65க்குப் பின் ஆண்டுதோறும். எந்த நாட்டிலும் இதுபோல ஏதோ ஒரு வடிவில் இருக்கும். சர்க்கரை நோய், பார்வை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகிய மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். பெரிதாகக் குறட்டை விடுபவர், பகலில் ஸ்டியரிங்கில் கண் சொருகுபவர் என்றால் மூன்றாவதை முதலில் பாருங்கள். இரவு வண்டிக்கு மாறிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது தாமதம்.

கூச்சத்தைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. பேசுவார்கள். பேசுகிறவர்கள் யாரும் உங்களுக்காகச் சலவை இயந்திரத்தின் மறுமுனையைப் பிடிக்கப் போவதில்லை. முதலில் இப்போதுள்ள நிறுவனத்திலேயே கேட்டுப் பாருங்கள். உங்களைப் போல் அனுபவமுள்ள ஓட்டுநரை இழக்க யாரும் எளிதில் விரும்ப மாட்டார்கள். 'முழங்கால் போய்விட்டது' என்று தொடங்க வேண்டாம். 'கிளைகளுக்கு இடையே ஓடும் வண்டியில் இடம் இருக்கிறதா' என்று தொடங்குங்கள். வேலைக்கு உடல்தகுதி பற்றிக் கேட்டால் மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை, வண்டிகளை அனுப்பும் பிரிவு ஆகியவற்றையும் கேட்டு வையுங்கள். இப்போது மனம் வராது என்று தெரியும். அறுபதுக்குப் பிறகு வரலாம்.

சொந்த லாரி விஷயத்தில் உங்கள் மகனோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒற்றை லாரிக்கு முதலாளி என்றால் அதன் ஓட்டுநர், டயர் மாற்றுபவர், பாக்கி வசூலிப்பவர், ஆள் வராத நாளில் சுமை தூக்குபவர் எல்லாம் நீங்கள்தான். கைக்கு வரும் லோடை மறுக்கவும் முடியாது. தார்ப்பாய் லோடோ, கையால் இறக்கும் லோடோ, தவணை கட்ட வேண்டுமே என்று எடுப்பீர்கள். முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்து மூன்று மாதம் படுத்திருக்க நேர்ந்தால் அந்த வண்டியை யார் ஓட்டுவார், தவணையை யார் கட்டுவார் என்று மகனை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதித் தரும்வரை சேமிப்பைத் தொடாதீர்கள்.