முன் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்: கனமான பைக் வைத்திருப்போரின் கேள்விகள்

என் பைக்கின் எடை 210 கிலோ. சென்டர் ஸ்டாண்ட் போட்டபடியே முன் சக்கரத்தைக் கழற்றலாமா?

பெரும்பாலான பைக்குகளில் சென்டர் ஸ்டாண்ட் போட்டால் எழுந்து நிற்பது பின் சக்கரம்தான். முன் சக்கரம் தரையில் இருக்கும். ஆனால் எடையின் பெரும்பகுதி ஸ்டாண்டின் மேல் இருப்பதால், ஒருவர் பின்பக்கத்தை அழுத்தினாலே முன்பக்கம் மேலே வந்துவிடும். எனவே தூக்குவது சிரமமே இல்லை. பயப்பட வேண்டியது வண்டி முன்னோக்கி நகர்வதற்குத்தான். ஸ்டாண்டிலிருந்து வண்டியை எப்படி இறக்குகிறீர்கள்? முன்னால் ஒரு தள்ளு, அவ்வளவுதானே! ஸ்பானரை அழுத்தும்போது தெரியாமல் அதே தள்ளு விழுந்தாலும் ஸ்டாண்ட் மடங்கும். ஆகவே ஸ்டாண்டின் காலை, ஃபிரேமின் முன்பகுதியோடு உறுதியான பட்டையால் இழுத்துக் கட்டிவிடுங்கள். அதன்பிறகு ஜாக்கியை எடுங்கள்.

ஜாக்கியை எந்த இடத்தில் கொடுப்பது? எஞ்சினுக்கு அடியில் வைத்தால் உடையுமா?

எஞ்சினுக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் ஓடினால் அவற்றுக்கு அடியில், குறுக்காக ஒரு மரப்பலகை வைத்துக் கொடுங்கள். குழாய்கள் இல்லாத பைக் என்றால் கையேடு காட்டும் இடம் மட்டுமே. சைலன்சர் குழாய், ஆயில் ஃபில்டர், ஆயில் வடிக்கும் போல்ட் ஆகியவற்றின் மேல் எடை விழவே கூடாது.

சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அதன் கை நேராக மேலே போகாது, வளைந்து போகும். அதற்கேற்ப ஜாக்கி உருள வேண்டும். மண் தரையில் உருள முடியாமல் சிக்கினால் வண்டியைத்தான் இழுக்கும். சமதளமான சிமென்ட் தரையே நல்லது. தூக்கிய பிறகு மரக்கட்டைகளை அடுக்கி எடையை அவற்றின் மேல் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்கி நிற்பதற்கானது அன்று.

சென்டர் ஸ்டாண்டே இல்லை. என்ன செய்யலாம்?

பேடாக் ஸ்டாண்ட் (வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கித் தாங்கும் தனி ஸ்டாண்ட்) இரண்டு வேண்டும். முதலில் பின்பக்கம், அடுத்து முன்பக்கம். இறக்கும்போது முன்பக்கம் முதலில். பின் ஸ்டாண்ட் இல்லாமல் முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் வண்டி பக்கவாட்டில் சாயும். முன் ஸ்டாண்டில் இரண்டு வகை உண்டு. ஃபோர்க்கின், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு கால்களின், அடிப்பகுதியைத் தாங்குவது சக்கர வேலைக்குப் போதும். ஃபோர்க்கையும் கழற்றப்போகிறீர்கள் என்றால், ஸ்டீயரிங் தண்டின் அடித்துளையில் முள் நுழைத்துத் தூக்கும் வகை வேண்டும். முள்ளின் அளவு பைக்குக்குப் பைக் மாறும். முதல் சில தடவை ஹேண்டில்பாரைப் பிடிக்க ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கிவிட்டேன். ஆனால் ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) நட் அசையவில்லை, அழுத்தினால் வண்டி ஆடுகிறது.

உடனே இறக்குங்கள். இதே இடத்தில் ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி அழுத்திப் பார்த்தவன் நான். வண்டி சுவரில் சாய்ந்ததில் ஒரு கண்ணாடி போயிற்று. சுவர் இல்லையென்றால் என் கால் போயிருக்கும். பலம் போட வேண்டிய வேலைகளையெல்லாம் இரு சக்கரமும் தரையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஃபோர்க் அடியில் ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டுகள் முதலில், பிறகு ஆக்சில், பிறகு கேலிபர் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பகுதி) போல்ட்டுகள். கழற்ற வேண்டாம், பிடி விட்டால் போதும்.

கூரைக் கொக்கியில் பட்டை கட்டித் தொங்கவிடலாமா?

அந்தக் கொக்கி எவ்வளவு எடை தாங்கும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வேண்டாம்.

சக்கரம் வெளியே இருந்தபோது மகன் பிரேக் நெம்புகோலை அழுத்திவிட்டான். இப்போது டிஸ்க் நுழையவில்லை.

கேலிபரின் பிஸ்டன்கள் வெளியே வந்து, டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பேட்கள் நெருங்கிவிட்டன. பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, சுற்றித் துணி போட்டு, பேட்களை மெதுவாக விரித்துத் தள்ளுங்கள். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். அடுத்த முறை பேட்களுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகிவிடுங்கள். கேலிபரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

திரும்ப மாட்டியபின் ஃபோர்க் இறுக்கமாக இயங்குகிறது. ஏன்?

கவ்வும் போல்ட்டுகளை அவசரப்பட்டு முறுக்கியிருப்பீர்கள். அவற்றைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். ஃபோர்க்கின் இரு கால்களும் தம் இடத்தில் அமர்ந்த பிறகு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) இறுக்குங்கள். ஆனால் பிரேக்கைப் பிடிக்குமுன் நெம்புகோலைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். பேட்களை விரித்த பிறகு முதல் சில அழுத்தங்களுக்குப் பிரேக் இருக்காது.