லால்பாக் செல்லும் டெல்டா அன்பர்களுக்கு: கேள்வி பதில்

பெங்களூரு லால்பாக் தாவரவியல் பூங்காவைக் காண விரும்பும் காவிரிப் படுகை அன்பர்களின் கேள்விகளுக்கு, தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

கும்பகோணம் வாசகர்: ஒரே நாளில் பார்த்து முடிக்க இயலுமா?

ஏறத்தாழ 240 ஏக்கரையும் ஒரே நாளில் நடந்துவிடலாம். ஆனால் மரங்களைப் பார்த்ததாக ஆகாது. கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் செல்லும் மைசூரு விரைவு ரயிலில் மாலையில் ஏறினால் அதிகாலையில் பெங்களூருவில் இறங்கலாம். ரயில் நிலையத்தை ஒட்டிய மெஜஸ்டிக்கிலிருந்து பச்சை வழித்தட மெட்ரோவில் நான்காவது நிலையமே லால்பாக். வெயில் ஏறுமுன் நுழைந்து, பூங்காவின் ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

மன்னார்குடி வாசகர்: மலர்க் கண்காட்சியின்போது செல்லலாமா?

குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நடைபெறும் அக்கண்காட்சி, 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையில் நடப்பது, அழகானதுதான். ஆயினும் மரங்களை அறிய வருபவர் அந்நாட்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கூட்டத்தில் ஒரு மரத்தடியில் ஐந்து நிமிடம்கூட நிற்க இயலாது.

திருவாரூர் ஆசிரியை: மாணவர்களுக்குத் தவறாமல் எதைக் காட்ட வேண்டும், ஐயா?

முதலில் பாறையைக் காட்டுங்கள், அம்மா. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல்மீதே வளரும் நம் பிள்ளைகள், தங்கள் ஊர் மண்ணில் இயற்கையான பாறையைக் கண்டிருக்க மாட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லும் வெளியிலிருந்து வந்ததே. லால்பாக்கில், பெங்களூருவை நிறுவிய கெம்பே கவுடாவின் பெயர் கொண்ட கோபுரம் நிற்கும் குன்று, ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடைய தீபகற்ப நைஸ் (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய) பாறை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. அதன்மேல் பிள்ளைகளை உட்காரவைத்து, பாறை சிதைந்து மண்ணாகி, ஆற்றோடு வந்து வயலாகும் கதையைச் சொன்னால், பாடப்புத்தகத்தின் பல பக்கங்கள் அங்கேயே விளங்கிவிடும். பின்னர், கல்லாக மாறிய மரத்தையும் காட்டுங்கள். சுமார் 2 கோடி ஆண்டு பழமையான அது, நம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையிலிருந்து சென்றது.

மயிலாடுதுறை வாசகர்: நம் ஊரில் இல்லாத மரங்களை மட்டும் தேடிப் பார்த்தால் போதுமா?

போதாது. நம் சிவாலயங்களில் காணும் நாகலிங்க மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. நம் சமையலில் சேரும் சௌசௌவும் அமெரிக்கக் கண்டத்துக் கொடிதான். 1874 முதல் 1908 வரை லால்பாக்கை நிர்வகித்த ஜான் கேமரன் அதை அங்கு அறிமுகப்படுத்தினார். 1760இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த அத்தோட்டம், தொலைதூரத் தாவரங்கள் இந்நாட்டு மண்ணுக்குப் பழகிய இடம். ஆகவே குறிப்பேடு ஒன்றைக் கொண்டுசெல்லுங்கள். மரத்தில் பெயர்ப்பலகை இருந்தால் தாவரவியல் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மரத்தின் வழக்குப் பெயர் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். தாவரவியல் பெயர் கையிலிருந்தால் தாயகம், பூக்கும் காலம், பயன் அனைத்தையும் பின்னர் நீங்களே தேடி அறியலாம். திருவிடைமருதூரின் தலமரமான மருதத்தையும் இப்படியே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: தாயாருக்கு முழங்கால் வலி. அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. பேட்டரி வண்டி உண்டு. ஏரிக்கரை நிழலிலும் அமரலாம். பாறைமேல் மட்டும் ஏற்ற வேண்டாம்.

பாபநாசம் வாசகர்: அங்கிருந்து செடி வாங்கி வந்தால் பிழைக்குமா?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், செம்மண்ணில் அமைந்த ஊர். அந்தக் குளிர்ச்சியில் செழிக்கும் டாலியா பூச்செடி நம் சித்திரை வெயிலைத் தாங்குவது கடினம். வாங்குவதானால் மரக்கன்றாக வாங்குங்கள். ஐப்பசி மழையில் நம் களிமண்ணில் நீர் தேங்கி வேர் அழுகும் என்பதால், ஓரடி உயர மேடு கட்டி, மணலும் தொழுவுரமும் கலந்து நடுங்கள். வந்தவுடன் தரையில் நடாமல், சில வாரம் தொட்டியிலேயே நிழலில் வைத்து, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குவது அவசியம்.