பந்தாட்டம்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: ஹைட்டி கால்பந்து அணியின் முன்கள வீரர் பிரான்ட்ஸ்டி பியரோ சின்ன வயதிலேயே அமெரிக்கா போய்விட்டவர். அங்கேயே படித்து, அங்கேயே ஆடிப் பழகியவர் ஹைட்டிக்கு ஆடுவது முறையா?

பதில்: முறைதான். அவர் 1995-ல் பிறந்ததே ஹைட்டியின் வடகரையில் உள்ள கேப்-ஹைட்டியன் துறைமுக நகரத்தில். வளர்ந்தது பாஸ்டனுக்குப் பக்கத்தில், மெல்ரோஸில். பிறந்த நாட்டுக்கு ஆட ஒருவர் யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் வளர்ந்ததால் அவருக்குப் பாதை சுலபமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவில் அந்த வயதுப் பையன்கள் கிளப்பில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர் கல்லூரி அணியில் சம்பளமில்லாமல் ஆடினார். முதலில் நார்த்ஈஸ்டர்ன், அப்புறம் கோஸ்டல் கரோலினா. அமெரிக்கத் தொழில்முறை கிளப்பான கொலராடோ ராப்பிட்ஸ் தேர்ந்தெடுத்தும் அங்கே போகாமல் பெல்ஜியத்தின் மூஸ்க்ரோனில் சேர்ந்தார். பிறகு பிரான்சில் கெங்கோம், இஸ்ரேலில் மக்காபி ஹைஃபா, கிரீஸில் ஏஇகே ஏதென்ஸ்.

எனக்கு அவர் மனதில் பதிந்தது வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகள் மோதும் கோல்டு கப்பில், 2019-ல். பெர்முடா ஒரு கோல் முன்னால் இருந்தது. பியரோ ஒன்று போட்டார், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. 2-1. அந்த ஹைட்டி அணி அரையிறுதி வரை போய், கூடுதல் நேரத்தில் மெக்சிகோவின் ஒரே பெனால்டியில் தோற்றது. இப்போது நினைத்தாலும் மனது ஆறவில்லை.

கேள்வி: ஹைட்டி ஏன் சொந்த ஊரில் ஆடுவதில்லை?

பதில்: தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சில் ஆயுதக் கும்பல்களின் ஆதிக்கம். அதனால் 'சொந்த மைதானம்' கடல் தாண்டி குரசோ தீவில். பயிற்சியாளர் செபாஸ்டியன் மின்யே ஹைட்டி மண்ணில் கால் வைக்காமலே அணியை 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவைத்தார். 2025 நவம்பர் 18 அன்று நிகரகுவாவை 2-0 என்று வென்றார்கள். 1974-க்குப் பிறகு இப்போதுதான் இந்த வாய்ப்பு. 1803-ல் இதே தேதியில்தான் வெர்ட்டியேரில் பிரெஞ்சுப் படையை ஹைட்டியர்கள் முறியடித்தார்கள். தகுதிச் சுற்றில் சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட ஆடாத அணிக்காகத் தெருவெல்லாம் ஜனங்கள் ஆடிப்பாடினார்கள்.

கேள்வி: ஹைட்டிக்காரர் ஒருவர் அமெரிக்காவுக்காக ஆடி இங்கிலாந்தைத் தோற்கடித்தாராமே?

பதில்: உண்மைதான். ஜோ கேட்ஜென்ஸ். போர்ட்-ஓ-பிரின்சில் பிறந்தவர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தார். செலவுக்கு ஓட்டலில் பாத்திரம் கழுவினார். 1950 ஜூன் 29, உலகக் கோப்பை, பிரேசிலின் பெல்லோ ஹொரிசான்டே. சக அமெரிக்க வீரர் வால்டர் பார் தூரத்திலிருந்து பந்தை உதைக்கிறார். இங்கிலாந்து கோல்கீப்பர் அதைப் பிடிக்க ஒரு பக்கம் நகர்கிறார். நடுவில் கேட்ஜென்ஸ் பாய்ந்து தலையால் உரசிவிட, பந்து திசை மாறி வலைக்குள் போகிறது. 1-0. அவர் அப்போது அமெரிக்கக் குடிமகனே இல்லை. குடிமகனாகும் எண்ணம் உண்டு என்று சொன்னதே அன்றைக்குப் போதுமாக இருந்தது. இன்று அந்த விதியில் ஆடவே முடியாது.

கடைசிவரை அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை. ஹைட்டிக்குத் திரும்பி 1953-ல் அதன் அணிக்கும் ஆடினார். அவருக்கு அரசியல் கிடையாது, சகோதரர்கள்தான் ஹைட்டியின் சர்வாதிகாரி டுவாலியேரை எதிர்த்தவர்கள். 1964 ஜூலை 8 அன்று டுவாலியேரின் ஆட்கள் அவரைப் பிடித்துப்போனார்கள். 1976-ல் அமெரிக்கக் கால்பந்து அவரைத் தன் புகழ் மண்டபத்தில் (Hall of Fame) சேர்த்தது. உடல் மட்டும் குடும்பத்துக்குக் கிடைக்கவே இல்லை.